என் முகத்தைப் பார்த்து எண்ணியவள்

என் மகளுக்கு எண்ணத் தெரியாது. அவளுக்கு ஐந்து வயதானபோதே அது எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன்.

மறைத்தது மட்டுமா... மறைப்பதற்கு அவளையே பழக்கினேன். ஊரார் பிள்ளைகளையெல்லாம் சமைக்க வைத்தும் விளையாட வைத்தும் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கிய நான், பெற்ற பிள்ளைக்கு ஒரே ஒரு வித்தையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற வித்தை.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. துடியலூர்ப் பக்கம் குடியிருந்து, காலையில் உங்கள் பிள்ளையை என் வாசலில் விட்டுச் சென்ற ஒருவராகவும் இருக்கலாம். அப்படியானால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு நான் குறை வைக்கவில்லை. அது உண்மையாகவே எண்ணக் கற்றுக்கொண்டுதான் போயிற்று. குறை வைத்தது என் வீட்டுக்குள்ளேதான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மழலையர் பள்ளி நடத்திவந்தேன். சிலேட்டு இல்லை, வாய்ப்பாடு இல்லை. காலையில் பிள்ளைகள் வந்ததும் ஒரு கூடைத் தக்காளியைப் பாயில் கொட்டுவேன். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். பணியாரக் கல்லைத் தரையில் வைத்து, குழிக்கு ஒன்றாக மொச்சைக் கொட்டை போடச் சொல்வேன். எத்தனை குழி காலி என்று கேட்பேன். சப்பாத்தி மாவைத் தட்டிப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கி... கால் என்றால் என்னவென்று அவர்கள் கையே தெரிந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை அரிசிம்பருப்புச் சோறு. அடுப்பு என் பொறுப்பு, அளவு பிள்ளைகள் பொறுப்பு.

தப்பாக அளந்தால் திருத்தமாட்டேன். அதுதான் என் முறை. ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீரைக் குறைத்து ஊற்றிவிட்டார்கள். சோறு நறுக்கு நறுக்கென்று நின்றது. எல்லோரும் உட்கார்ந்து அதையே மென்றோம்.

"மிஸ்ஸு, பல்லு வலிக்குதுங்க" என்றான் ஒருவன்.

"ஏனுங்க சாமி, எத்தன டம்ளர் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

அவன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிறகு அவனே கண்டுபிடித்துச் சிரித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஒருவரையும் தண்ணீர்ச் சொம்பைத் தொடவிடவில்லை. தப்பாக ஆக்கிய சோற்றைத் தின்ற பிள்ளை அந்தக் கணக்கை மறக்காது என்று பெற்றோர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

என் மகள் தாரணிக்கு மட்டும் அந்தச் சோற்றை ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஏன்? இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாக எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். விடை ஒன்றுதான் வருகிறது. அவள் மிஸ்ஸுடைய பெண். வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மாமியார், வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருக்கும்போது வேண்டுமென்றே கேட்பார். "சோறாக்கக் கத்துக்குடுக்க ஒரு பள்ளிக்கோடமா அம்மணி? எங்கூட்டுல எல்லாம் சும்மாவே கத்துக்கிட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு ரோசம் அதிகம். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத் தாரணியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வேன். அவள் பிழையில்லாமல் எண்ணுவாள். மாமியார் வாயை மூடிக்கொள்வார்.

எப்படி எண்ணினாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

எங்கள் வீடுகளில் சாப்பிடுகிறவர் தட்டில் எதையும் மூன்றாக வைக்கமாட்டோம். இரண்டு தோசை வைப்போம், நாலு வைப்போம். மூன்று ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பிறந்த வீட்டிலும் அப்படி, புகுந்த வீட்டிலும் அப்படி. தாரணி உட்காரப் பழகிய நாளிலிருந்தே என் எதிரே உட்கார்ந்து பணியாரத்தைத் தட்டில் எடுத்து வைத்து விளையாடுவாள். மூன்றாவது விழும்போது என் புருவம் தானாகச் சுருங்கும். நாலாவது விழுந்ததும் விரியும். அப்படி ஒரு வழக்கம் என் முகத்துக்கு இருந்தது எனக்கே தெரியாது... அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்ட எண்ணிக்கை வந்ததும் என் முகம் தெளிவதும் தெரிந்திருந்தது. அவள் எண்ணக் கற்ற முதல் பாடம் அந்தப் புருவம்தான்.

அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது பள்ளியில் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் தாரணிக்கு வந்து இறங்கியது. பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு. கடைசியில் எனக்கு. கன்னம் இரண்டும் வீங்கி, தாடையைத் திறக்க முடியவில்லை. மாமியார் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கன்னம், தாடை, நெற்றி என்று ஓர் இடம் விடாமல் பத்துப் போட்டார். அது காய்ந்ததும் முகம் இறுகிவிட்டது.

சும்மா படுத்திருக்க முடிந்ததா என்னால்... பள்ளியைப் பெற்றோர்களுக்குத் திறந்து காட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் எல்லாம் வருவார்கள். தாரணி அவர்கள் முன்னால் எண்ணிக் காட்டவேண்டும். அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். ஒரு கிண்ணத்தில் மொச்சை, ஒரு தட்டு.

"ஆறு எடுத்து வைங்க கண்ணு" என்றேன், பல்லுக்கிடையில்.

ஒன்றை வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்னொன்றை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஆறைத் தாண்டிப் போயிற்று. நிறுத்தவில்லை. வைப்பதும் பார்ப்பதுமாகக் கிண்ணத்திலிருந்த கொட்டை முழுவதையும் தட்டுக்கு மாற்றிவிட்டாள். பிறகு வெறுங்கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அம்மா... உங்க மூஞ்சி தெரியலீங்க."

"மூஞ்சி எதுக்கு? கொட்டையப் பாருங்க."

கொட்டையைப் பார்த்தாள். அதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி என் முகத்தைப் பார்த்தாள்.

எழுந்துபோய்ப் பத்தைக் கழுவினேன். ஈரமுகத்தோடு வந்து உட்கார்ந்து மறுபடி கேட்டேன். ஆறு வைத்து, என்னைப் பார்த்து, நிறுத்தினாள். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கேட்டேன். கிண்ணம் காலியாகும் வரைக்கும் கொட்டை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்ன அம்மணி, புள்ள அழுகுது?" என்று உள்ளறையிலிருந்து மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கத்தை. கண்ணுல மஞ்சப் பட்டுருச்சாட்ட இருக்குது" என்றேன்.

அதுதான் முதல் பொய்.

நான் ஆசிரியை. அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? வேறு ஒருத்தியின் பிள்ளை இப்படி இருந்திருந்தால், எதிரே உட்காராமல் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஒன்றிலிருந்து தொடங்கியிருப்பேன். தப்பாகவே வைக்கவிட்டு, தப்பாகவே சமைக்கவிட்டு, அந்தச் சோற்றையே சேர்ந்து தின்றிருப்பேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு கேடும் இல்லை. சில மாதங்கள் போதும். ஆனால் பள்ளி திறந்து காட்டும் நாள் அதற்கு முன்னால் வந்துவிடும். "மிஸ் பொண்ணுக்கே எண்ணத் தெரியலையாமா" என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். மாமியார் சிரிப்பார்.

அதனால் நான் வேறு ஒன்றைச் செய்தேன். "அம்மா மூஞ்சியவே பாத்துக்குங்க கண்ணு, சரியா வந்துரும்" என்று அவள் காதில் சொன்னேன். அதுவரை தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே வளர்த்தேன். போதும் என்றால் இமையை ஒருமுறை மூடித் திறப்பேன். கூட வேண்டும் என்றால் நாடியை லேசாகத் தூக்குவேன். பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பாகப் பிடித்துக்கொண்டாள் தெரியுமா... அத்தனை புத்தியும் அதற்குத்தான் போயிற்று. எண்ணுவதற்கு மிச்சம் இருக்கவில்லை.

பள்ளியைத் திறந்து காட்டிய நாளில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, கேட்ட கேட்டபடி பணியாரம் எடுத்து வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர் ஒருவர், துடியலூரில் மச்சினர் வீட்டில் பிள்ளையைத் தங்கவைத்தாவது சேர்க்கவேண்டும் என்று வந்திருந்தார். அவர் என்னிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க மிஸ், என்ற புள்ளையும் இப்படி ஆயிருமுங்களா?"

"ஆயிருமுங்க" என்றேன். கூசாமல் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு தாரணி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தூக்கி முத்தம் கொடுத்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி செய்துபோட்டோம் என்கிற சந்தோஷம். இதை எழுதும்போது அதுதான் அதிகமாக வலிக்கிறது.

திறந்து காட்டும் நாள் முடியட்டும், சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். பிறகு பொங்கல் முடியட்டும் என்றேன். பிறகு பெரிய பள்ளியில் சேர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றேன்.

பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு எஸ்தர் என்று ஒரு டீச்சர். சின்ன வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வீடு தேடி வந்தார். வெள்ளைச் சேலை, தோளில் பை, வாசலில் செருப்பை ஒழுங்காக ஓரமாக விட்டார். காப்பி கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். தாரணி கேள்வியவே பாக்குறதில்லீங்க. எம்மூஞ்சியத்தான் பாக்குது. நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டா எழுதறதையே நிறுத்திப்போடுது. இப்பவே கவனிச்சா நல்லதுங்க. நான் வேணா சாயங்காலம் ஒக்காந்து சொல்லித் தர்றேனுங்க."

பாருங்கள்... கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். உள்ளே போயிருந்தால் என் பிள்ளை இதிலிருந்து தப்பித்திருப்பாள். நான் என்ன சொன்னேன்?

"உங்களுக்குப் பொறுமை பத்தாதுங்க மிஸ். மெரட்டுனா புள்ள மூஞ்சியத்தான் பாக்கும். நானும் டீச்சர்தாங்க."

அந்தப் பெண் முகம் சுண்டிப்போயிற்று. "நான் அப்படி மெரட்டியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் மிரட்டியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் பள்ளி வாசலில் நின்ற மற்ற அம்மாக்களிடமும் அதையே சொன்னேன். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். லேத் பட்டறையே கதி என்று கிடக்கும் மனிதர், நான் சொன்னதை நம்பினார். தாரணியை வேறு பள்ளிக்கு மாற்றினோம். எஸ்தர் டீச்சர் அங்கே நெடுநாள் இருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என் பேச்சினால்தானா என்று விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

தாரணி வளர்ந்தாள். கணக்கை மனப்பாடம் செய்து தட்டுத்தடுமாறித் தேறினாள். எண்ணுவது மட்டும் என்றால் எப்படியோ போகட்டும் என்று விட்டிருக்கலாம். அந்தப் பார்வை அதோடு நிற்கவில்லையே... துணிக்கடையில் சுடிதார் எடுக்கப் போனால் துணியைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, அந்தத் தோழியைப் பிடிக்கிறதா, எதைக் கேட்டாலும் முதலில் என் முகம். பிறகுதான் பதில்.

"உங்க தாரணியாட்டச் சொன்ன பேச்சக் கேக்கற புள்ள இந்தக் காலத்துல உண்டுங்களா" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். மாமியாரே மெச்சினார். நான் தலையாட்டிக்கொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், பிடித்துத்தான் இருந்தது.

போன வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. ஒருநாள் பள்ளியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வயசானவர், நிதானமாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் வெச்சுக்கோம்மா. வலியே இல்லைன்னா ஒண்ணு. தாங்கவே முடியலைன்னா பத்து. உனக்கு எவ்வளவு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் என் மழலையர் பள்ளிக்குப் பெற்றோர்கள் வருவதாக இருந்தது. ஒன்றும் இருக்கக்கூடாது, மாத்திரையோடு போய்விடவேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஒண்ணு... ரெண்டு... மூணு என்று அசைந்தபோது என் புருவம் சுருங்கியது. எனக்கே தெரிந்தது, சுருங்குவது. நிறுத்த முடியவில்லை.

"ரெண்டுங்க டாக்டர்" என்றாள்.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டே அசையாமல் படுத்திருந்தாள். மாத்திரை எழுதினார். கூடினால் உடனே கொண்டுவரச் சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ். வயிற்றைத் திறந்து கழுவினார்கள். பிழைப்பாளா என்று கேட்டபோது ஒருவரும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பிழைத்தாள். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து நடக்க நெடுநாள் ஆயிற்று. பரீட்சையும் போயிற்று.

அவள் கண் விழித்த பிறகு என் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இத்தன வலியை எப்படிடா கண்ணு பொறுத்துக்கிட்ட?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் நான் கேட்டேன்.

"ஏன் சாமி ரெண்டுன்னு சொன்னீங்க?"

"மூணுன்னா உங்க மூஞ்சி மாறுதுங்கம்மா."

கோபமே இல்லாமல் சொன்னாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதாவது அவளிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. அவரிடம்? இல்லை. "என்ற புள்ளைக்குப் பொறுமை சாஸ்திங்க" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தவர்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பள்ளியை மூடினேன். மகளைப் பார்த்துக்கொள்வதற்காக மூடிவிட்டாள், தாய் என்றால் இவளல்லவா என்கிறார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது தினமும் முயல்கிறேன். ஊரார் பிள்ளைகளுக்குச் செய்ததை இவளுக்குச் செய்துபார்க்கிறேன். எதிரே உட்காருவதில்லை. அரிசியை அவளே அளக்கட்டும் என்று நான் முற்றத்துக்குப் போய்விடுகிறேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிடுகிறாள்.

நேற்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். குழைய ஆக்கி, நெய் விட்டுத் தட்டில் போட்டேன். வேகமாகவே சாப்பிட்டாள். தட்டு காலியானதும் கேட்டேன்.

"இன்னொரு கரண்டி போடட்டுமா கண்ணு?"

கேட்டுவிட்டுச் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்றை அவள் வாயாலே சொல்லட்டும். அது போதும் எனக்கு.

"அம்மா."

"சொல்லுங்க கண்ணு."

"திரும்புங்க."

"நீங்களே சொல்லுங்க சாமி. வேணுமா, வேண்டாமா?"

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"அம்மா... உங்க மூஞ்சி தெரியலீங்க."

ஐந்து வயதில் சொன்ன அதே சொல். குரல் மட்டும் பெரிய பெண்ணின் குரல்.

திரும்பினேன். வேறு என்ன செய்வேன்... என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அவள் பார்த்தாள். என் புருவத்தை, கண்ணை, வாயை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"போதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவளுக்குப் பசி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.